ஏழாம் நாள் அட்டை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் காயோவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதோடு நிறுத்தியிருந்தோம். பத்தொன்பது வயது. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கொண்டாட்டத்துக்காக ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனான். பீர் குடிக்கும் பந்தயத்தில் தன் அணியை ஜெயிக்க வைத்தான். திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் படுத்துத் தூங்கினான். பெலோ ஒரிசோன்டே நகரத்துக்கு வந்து பஸ் நின்று எல்லோரும் இறங்கிய பிறகு அவனை எழுப்பினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் அக்கா ஜுசாரா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'நெஞ்சழுத்தக்காரி' என்று ஒரு சித்தி அவள் காதுபடவே சொன்னாள். ஜுசாராவுக்கு அது உறைக்கக்கூட இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் போடும் மரப்பு ஊசியை உடம்பு முழுக்கப் போட்ட மாதிரி இருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அழாததற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. அந்த வெட்கமும் வரவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, ஏழாம் நாள். மாலை ஆறு மணிக்குத் தேவாலயத்தில் அவனுக்காகப் பூசை. காலை ஒன்பதுக்கு அவளுக்கு ஆபீசில் மீட்டிங்.

தம்பியின் ஏழாம் நாளன்று எவளாவது ஆபீஸ் போவாளா? இவள் போனாள். வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைவிட ஆபீஸ் தேவலாம் என்று பட்டது.

"நிஜமாவே வந்துட்டியா?" என்றார் ஒட்டாவியோ.

விளம்பர நிறுவனத்தின் தலைவர். ஐம்பது வயதிலும் ஆபீசுக்கு ரப்பர் ஷூதான். எல்லோரையும் கட்டிப்பிடித்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார். இன்றும் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியது பொய்யில்லை. வேண்டுமென்றே யாராலும் அப்படி மூக்கை உறிஞ்ச முடியாது.

"மீட்டிங்னு சொன்னீங்களே."

"சொன்னேன். வரமாட்டேன்னு நினைச்சேன். வந்ததும் நல்லதுதான், உக்காரு."

கதவைச் சாத்திவிட்டு இரண்டு தாள்களை அவள் பக்கம் தள்ளினார். முதல் தாள், விளம்பரக்காரர்களுக்கு விதி போட்டுக் கண்காணிக்கும் குழுவிடமிருந்து வந்தது. பெட்ரா ஆல்டா பீரின் விளம்பரப் படங்களில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு பேராசிரியர் போன மாதம் புகார் கொடுத்திருக்கிறார், திங்கட்கிழமைக்குள் விளக்கம் வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது தாள் அந்த விளக்கம். அடித்து, திருத்தி, தயாராக இருந்தது. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த யாரையும் நாங்கள் படம் எடுக்கவில்லை. மாணவர்கள் தங்கள் சொந்த விருப்பத்தில் தங்கள் படங்களைப் போட்டிருக்கலாம். கீழே ஜுசாராவின் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நான்தான் போடணுமா?"

"திட்டம் உன்னுதும்மா. உன் பேர்லதானே ஓடுது."

"நாம படம் எடுத்தோமே, ஒட்டாவியோ."

"எடுத்தோம். அந்தப் படமெல்லாம் இருக்கற ஃபோல்டர் உன் லேப்டாப்ல மட்டும்தானே இருக்கு? அது இல்லேன்னா எடுக்கலை."

இதை அவர் கெட்டவன் மாதிரி சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்கிற குரலில்தான் சொன்னார்.

"காயோ பேர் புகார்ல இல்லை," என்றார். "அவங்களுக்கு இன்னும் அவனைத் தெரியாது. நான் கம்பெனிக்காக மட்டும் பேசலை. உங்கம்மா இதை எங்கேருந்து தெரிஞ்சுக்கணும்? பேப்பர்ல படிச்சா? பையன் போயிட்டான். பொண்ணும் போகணுமா அவங்களுக்கு?"

இந்த ஏழு நாளில் அவளிடம் சொல்லப்பட்ட நூறு ஆறுதல் வார்த்தைகளில் எதுவும் உள்ளே இறங்கவில்லை. இது இறங்கியது.

"உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பதினேழு. மார்ச்ல பதினெட்டு."

"காலேஜ்ல சேர்ந்ததும் நம்ம லிஸ்ட்ல போட்டுடலாமா?"

ஒட்டாவியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னிக்கு நீ என்ன சொன்னாலும் நான் கோவிச்சுக்கமாட்டேன். சாயங்காலம் பூசைக்கு வரேன். திங்கட்கிழமை காலையில கையெழுத்து வேணும்."

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். ஜன்னல் ஓரத்து மேசை. அந்த ஜன்னலை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே இந்தத் திட்டம்தான்.

தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. பீர் விளம்பரத்தில் வருகிறவருக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும். தாண்டியதாகப் பார்வைக்கும் தெரிய வேண்டும். விதி அப்படி. ஆனால் பீர் கம்பெனிக்கு வேண்டியது பதினெட்டு வயதுக்காரன். முதல் முதலாக எந்த பாட்டிலைப் பிடிக்கிறானோ அதைத்தான் நாற்பது வயதிலும் பிடிப்பான். மீசை முளைத்த முப்பது வயதுக்காரனை போஸ்டரில் பார்த்தால் அவனுக்குத் தன் சித்தப்பா ஞாபகம் வருகிறதே, என்ன செய்வது?

ஜுசாராதான் வழி கண்டுபிடித்தாள். போஸ்டரில் சித்தப்பாவே நிற்கட்டும், கீழே பொடி எழுத்தில் 'அளவோடு குடியுங்கள்' என்றும் இருக்கட்டும். கல்லூரிக்குள் நாலு பேருக்குப் பிடித்த பிள்ளைகளாகப் பொறுக்கி எடுப்போம். சங்கத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ், பார்ட்டிக்கு வேண்டிய பீர், கூடவே நல்ல கேமராவில் ஒரு அரை நாள். எடுத்த படத்தை அவனவன் தன் இணையப் பக்கத்தில் தானே போட்டுக்கொள்வான். பார்க்கிறவனுக்கு அது விளம்பரம் இல்லை, நண்பனின் படம். திட்டத்துக்குப் பெயரே 'நண்பர்கள்' என்று வைத்தாள். மீட்டிங்கில் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சோதனைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த தம்பியை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போனாள். "என் மூஞ்சியைப் பாத்தா இருக்கற பீரும் விக்காதுக்கா," என்றான் அவன். பட்டியலில் முதல் பெயர் காயோ.

அந்தப் பண்ணைக்கு லாரியில் பீர் இறக்கச் சொல்லி அனுப்பிய கடிதமும் அவள் எழுதியதுதான்.

ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகத்தானா என்று லேப்டாப் கேட்டது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூடிப் பையில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாந்தா தெரேசா பகுதியில் ஒரு மேட்டுத் தெரு, அதில் மூன்றாம் மாடி. வாரம் முழுக்க துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி போதாமல், மாமா எட்மில்சன் தன் பாரிலிருந்து எட்டு மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். எல்லாவற்றின் முதுகிலும் பெட்ரா ஆல்டா என்று பெரிதாக எழுதியிருக்கும். பீர் கம்பெனி ஊரில் எல்லா பாருக்கும் கொடுத்த நாற்காலிதான். அம்மா டால்வா ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

"துண்டு நழுவுது பாரு," என்றாள் டால்வா தன் தம்பி எட்மில்சனிடம். "அதைக்கூட ஒழுங்காப் போட வராது உனக்கு."

"போடறேன்க்கா."

"உன் கடையில பழகின பழக்கம்தான். பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே என் பிள்ளை அங்கதானே வந்து நின்னான்."

"ஒரு கிளாஸ்தான்க்கா குடுத்தேன். பொறந்தநாளுக்கு."

"ஒண்ணுல ஆரம்பிக்காம நூறுலயா ஆரம்பிப்பாங்க?"

எட்மில்சன் நழுவிய துண்டை இழுத்துவிட்டார். பெரிய உடம்புக்காரர். வாய் திறந்தால் பாரே சிரிக்கும். இந்த ஒரு வாரமாக அக்கா கொட்டியதையெல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, காபி போட்டார், பாத்திரம் கழுவினார், அச்சகத்துக்கு நடந்தார். தான் வாங்க வேண்டிய திட்டை மாமா வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஜுசாராவுக்குத் தெரிந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"வா வா," என்றார் மாமா. "சீஸ் ரொட்டி சூடா இருக்கு. அட்டையும் வந்தாச்சு. இருநூறு சொன்னேன், இருநூத்திப் பத்து போட்டிருக்கான். அவனுக்கும் மனசு கேக்கலை போல."

பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டை. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் ஜெபம், பிறந்த தேதி, இறந்த தேதி. மறுபக்கம் படம்.

ஜுசாரா கையில் வாங்கிப் பார்த்தாள்.

காயோ தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வலது தோள் உயர்ந்திருந்தது, கை மட்டும் அட்டைக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால் மங்கலாக மஞ்சள் நிறம். அது சூரிய வெளிச்சம் இல்லை, கம்பெனி குடை என்பது அவளுக்குத் தெரியும். அன்று எடுத்தவற்றிலேயே நல்ல படம் அது.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா. "அவன் போன்ல இருந்துச்சு. இதைவிட நல்லா சிரிச்ச படம் ஒண்ணுகூட இல்லைடி. வீட்டுல எடுத்ததெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு."

"கை..."

"கையில கிளாஸ் இருந்துச்சு. பூசை அட்டையில பீரோடவா போடுவாங்க? நான்தான் வெட்டச் சொன்னேன்."

அன்று காயோவுக்குச் சிரிப்பே வரவில்லை. கேமராவைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டான். கடைசியில் ஜுசாராவே கேமராவை வாங்கிக்கொண்டு, மாமா மீன் தொட்டிக்குள் விழுந்த கதையை ஆரம்பித்தாள். அவன் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு மட்டும் கொடுத்தது. அதை எடுத்துத்தான் அவள் பீருக்குக் கொடுத்தாள். இப்போது அதே சிரிப்பு இருநூற்றுப் பத்து பிரதியாகி, இரண்டு ரப்பர் பாண்டுக்குள் கட்டுக்கட்டாக இருந்தது.

இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று தோன்றியது. வாயைத் திறந்து, "நல்லா இருக்கும்மா," என்றாள்.

ஆறு மணிப் பூசைக்கு ஐந்தரைக்கே தேவாலயம் நிறைந்துவிட்டது. விளையாட்டுச் சங்கத்துப் பிள்ளைகள் ஊதா ஜாக்கெட் போட்டுக்கொண்டு பின்வரிசைகளில் நின்றார்கள். வலது கையில் பெட்ரா ஆல்டாவின் சின்னம் தைத்திருக்கும். யார் சொல்லிச் செய்தார்களோ, ஒவ்வொருவனும் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். தூணுக்குப் பக்கத்தில் ஒட்டாவியோ நின்றார். பூசைக்கென்று தோல் ஷூவுக்கு மாறியிருந்தார்.

பாதிரியார் அந்த வாரத்து இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். காயோவின் பெயர் நான்காவது. மற்றதெல்லாம் வயசானவர்களின் பெயர்கள். பெயரைக் கேட்டதும் டால்வா, யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தாள்.

பூசை நடுவில் அவள் மகளின் காதருகே குனிந்தாள். "இந்தப் படத்தை எடுத்தது யாருன்னு தெரியணும்டி. அவன் கூட்டாளி எவனோ ஒருத்தன்தான். கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும். என் பிள்ளை சிரிப்பை எனக்கு மிச்சம் வச்சது அவன் ஒருத்தன்தான்."

"இப்ப எதுக்கும்மா."

"வேற எப்ப? எல்லாம் இங்கதானே இருக்காங்க."

பூசை முடிந்ததும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். வருகிறவர்கள் கட்டிப்பிடித்தார்கள், டால்வா அட்டை கொடுத்தாள். மாமா கட்டைப் பிரித்துப் பிரித்து நீட்டினார். பெரியவர்கள் போன பிறகு பிள்ளைகளின் வரிசை வந்தது.

முதலில் வந்தவன் சுருட்டை முடிக்காரன். அட்டையைப் பார்த்தான். பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே குடைக்குக் கீழே அவனும் நின்றிருக்கிறான்.

"இந்தப் படம் யாருப்பா எடுத்தது? நீயா?" என்றாள் டால்வா.

அவன் ஜுசாராவை ஒரு தடவை பார்த்தான். "தெரியலைம்மா," என்றான்.

அடுத்தவன் கண்ணாடி போட்டவன். அவனிடமும் கேட்டாள். அவனும் ஜுசாராவைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "நான் அப்ப அங்க இல்லைம்மா."

இரண்டு பேருக்கும் பத்தொன்பது, இருபதுதான் இருக்கும். நண்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். தேவாலய வாசலில் நின்றுகொண்டு, அவள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள். ஜுசாராவுக்கு ஏழு நாளில் முதல் தடவையாக வெட்கம் வந்தது. நன்றாகவே வந்தது, காது சுட்டது.

மூன்றாவது பையன் அட்டையை வாங்கிக்கொண்டான். டால்வா கேட்பதற்குள் அவனும் பொய்க்குத் தயாராகிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"நான்தாம்மா எடுத்தேன்," என்றாள் ஜுசாரா.

"எதை?"

"இந்தப் படத்தை. நான்தான் எடுத்தேன்."

டால்வாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதுதான் ஜுசாராவால் தாங்க முடியாமல் போனது. "நீயா? மத்தியானம் சொல்லலையே. எப்ப எடுத்த?"

"போன வருஷம். ஆபீசுக்காக. பீருக்கும்மா. காலேஜ்ல பீர் பரவணும்னு ஒரு திட்டம். நான் போட்டது. அவனை அதுல நான்தான் சேர்த்தேன். அந்தப் பண்ணைக்கு பீர் அனுப்பினதும் என் ஆபீஸ்தான். கடிதம் எழுதினது நான். மாமா இல்லைம்மா."

எட்மில்சன் கையிலிருந்த கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்தாறு பேருக்குப் பின்னால் நின்ற ஒட்டாவியோ ஒரு காலைப் பின்னால் வைத்தார். வெளியே போக வழியில்லை, பின்னாலும் ஆட்கள் நின்றார்கள்.

டால்வா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அறைந்தால் தேவலாம் என்று ஜுசாரா நினைத்தாள். டால்வா மகளைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தாள். வெட்டிய கை இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவன் ஒருத்தனைத்தானா?" என்றாள். குரல் உயரவே இல்லை.

"இல்லைம்மா."

"எத்தனை பேர்?"

"நாப்பத்திரண்டு."

டால்வா வரிசையைப் பார்த்தாள். ஊதா ஜாக்கெட்டுகள், கறுப்பு டேப். மூன்றாவது பையன் இன்னும் எதிரிலேயே நின்றான். "நீயும் இருக்கியா அதுல?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

அவன் கையிலிருந்த அட்டையை வாங்கி, திருப்பிக் காயோவின் முகம் மேலே இருக்கும்படி வைத்து, மறுபடி அவன் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"இது உனக்கு இல்லப்பா. கொண்டுபோய் உங்கம்மா கையில குடு. பொறந்த தேதியையும் போன தேதியையும் பாக்கச் சொல்லு."

அடுத்தவனுக்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவனுக்கும். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு படியிறங்கிய சுருட்டை முடிக்காரனையும் கண்ணாடிக்காரனையும் மாமா கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் சொன்னாள். ஒருவன் அழுதுவிட்டான். டால்வா அழவில்லை.

ஒட்டாவியோவின் முறை வந்தது. டால்வாவுக்கு அவரைத் தெரியாது. அட்டையை வாங்கியதும் பார்க்காமலே கோட்டுப் பையில் போடப் போனார்.

"பாத்துட்டு வைங்க," என்றாள் டால்வா.

அவர் பார்த்தார். பிறகு ஜுசாராவின் பக்கம் குனிந்து, "திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

"ஃபோல்டர் இன்னும் என் பையிலதான் இருக்கு," என்றாள் ஜுசாரா. அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வாசல் காலியானது. மாமா மிச்ச அட்டைகளை ரப்பர் பாண்டுக்குள் அடக்கிக்கொண்டிருந்தார். டால்வா அவர் அருகே போய், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எட்மில்சனின் பெரிய உடம்பு குலுங்கியது.

ஜுசாரா அம்மாவின் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். டால்வா திரும்பி அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ இன்னிக்கு உன் வீட்டுக்குப் போ."

"அம்மா."

"பேசாத. என்னால இப்ப உன்னைப் பாக்க முடியாது. திங்கட்கிழமை காலையில வா. உன் ஆபீசுக்கு முன்னாடி என்கிட்ட வா. அந்த நாப்பத்திரண்டு பேர்ல மிச்சம் இருக்கற நாப்பத்தியோரு பேரு, அவங்கவங்க அம்மா பேரு, வீடு எங்கே, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வா. வெறுங்கையோட வராத."